ஹனூர் மலையூர்களும் காணொளி மருத்துவமும்

திரையில் நோயாளியைப் பார்த்து மருத்துவம் சொல்வது இந்தியாவில் புதுமையாக இருந்த காலத்திலேயே அந்த வசதி சாமராஜநகருக்கு வந்துவிட்டது. 2002 ஏப்ரலில் இஸ்ரோவின் துணையோடு பெங்களூரு நாராயண ஹிருதயாலயாவும் சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையும் செயற்கைக்கோள் வழியாக இணைக்கப்பட்டன. மைசூர் மாவட்டம் சரகூரில் பழங்குடிகளுக்காக இயங்கிவரும் விவேகானந்தா நினைவு மருத்துவமனையும் அதே திட்டத்தில் சேர்ந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவரின் இ.சி.ஜி. பெங்களூருக்குப் போகும். அங்குள்ள இதய மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, இங்குள்ள மருத்துவரிடம் என்ன மருந்து கொடுக்கலாம், ஆளை வண்டியேற்ற வேண்டுமா என்று சொல்வார்.

அதற்கு 22 ஆண்டுகள் கழித்து, 2024 ஏப்ரல் 26 அன்று, அதே மாவட்டத்தின் ஹனூர் வட்டத்தில் வேறொரு செய்தி. மாதேஸ்வரன் மலைக் காட்டுக்குள் இருக்கும் இண்டிகனத்தா கிராமத்தார் மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். அதிகாரிகளோடு தகராறு முற்றியது. வாக்குச்சாவடி அடித்து நொறுக்கப்பட்டது. 29ஆம் தேதி மறுவாக்குப்பதிவு நடத்த வேண்டியிருந்தது. அவர்கள் கேட்டது சாலை, குடிநீர், மின்சாரம் போன்ற அடிப்படை வசதிகள்.

இந்த இரண்டு தேதிகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் காணொளி மருத்துவத்தின் நன்மைகளைப் பேசினால் அது விளம்பரமாகப் போய்விடும். சாலை வராத ஊருக்கும் அலைக்கற்றை வந்துவிடும், அதன் வழியே மருத்துவரும் வந்துவிடுவார் என்ற நம்பிக்கை கால் நூற்றாண்டாக விற்கப்படுகிறது. அதில் உண்மை இருக்கிறது. எவ்வளவு உண்மை என்பதுதான் கேள்வி.

ஹனூர் மைசூரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்த பகுதி; அந்த ஆண்டு சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதோடு போனது. அதற்கும் முன்னால் பார்த்தால் கதை இன்னும் சுவாரசியம். 1956 மொழிவழி மாநிலப் பிரிவினை வரை கொள்ளேகால் வட்டம் முழுவதும் சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னாளில் அந்தக் கொள்ளேகால் வட்டத்திலிருந்து பிரிந்ததுதான் ஹனூர் வட்டம். அதனால்தான் மார்ட்டள்ளியிலும் கோபிநத்தத்திலும் இன்றும் வீட்டுக்குள் தமிழ். காட்டோரங்களில் சோலிகர் பழங்குடிகள். ஒடையர்பாளையத்தில் 1970களில் குடியமர்த்தப்பட்ட திபெத்தியர்கள். ஊர் நடுவே கன்னடம். ஒரே ஆரம்ப சுகாதார நிலைய வாசலில் மூன்று, நான்கு மொழிகளில் இருமல் கேட்கும்.

நிலத்தைப் பொறுத்தவரை, ஒரு பக்கம் காவிரி வனவிலங்குச் சரணாலயம், இன்னொரு பக்கம் 2013இல் அறிவிக்கப்பட்ட மலை மாதேஸ்வரா வனவிலங்குச் சரணாலயம். இவற்றுக்குள் சிக்கிக்கொண்ட சிற்றூர்களிலிருந்து பிரசவ வலி எடுத்த பெண்களை டோலி கட்டித் தூக்கி வந்த செய்திகள் கன்னட நாளேடுகளில் பலமுறை வந்திருக்கின்றன. வீரப்பனின் ஊர் என்று மட்டுமே வெளியுலகம் அறிந்த கோபிநத்தத்தில், 1991இல் அவன் கையால் கொல்லப்பட்ட வன அதிகாரி பி. சீனிவாஸ் ஊராருக்குக் கோயில் கட்டித் தந்ததோடு மருத்துவ உதவிக்கும் ஏற்பாடு செய்தார். ஊர் மக்களின் நம்பிக்கையைப் பெற மருந்துப் பெட்டியை விட நல்ல வழி இல்லை என்று அந்த வனத்துறைக்காரருக்குத் தெரிந்திருந்தது. இன்று காணொளித் திட்டம் வகுப்பவர்களுக்கும் அது தெரிந்திருந்தால் நல்லது.

முதலில் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். 2018 டிசம்பர் 14 அன்று ஹனூர் வட்டம் சுள்வாடியில், கிச்சுகுத்தி மாரம்மா கோயிலில் பிரசாதம் சாப்பிட்டவர்கள் வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தார்கள். உணவில் பூச்சிக்கொல்லி கலக்கப்பட்டிருந்தது. நூறு பேருக்கு மேல் பாதிப்பு. 17 பேர் உயிரிழந்தார்கள். பூச்சிக்கொல்லி நஞ்சில் மூச்சுக்குழாய் நீரால் நிறைந்துபோகும், சுவாசத் தசைகள் ஓயும். வேண்டியவை மூன்று: உடனே அட்ரோபின் ஊசி, மூச்சுவிட வைக்கும் கருவி, அதை இயக்கத் தெரிந்த கை. பக்கத்து மருத்துவமனைகளில் முதலுதவி கிடைத்தது. ஆனால் வென்டிலேட்டருக்காக நோயாளிகளை நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மைசூருக்கு ஆம்புலன்ஸ்களில் ஓட்டிச்செல்ல வேண்டியிருந்தது. அந்த இரவில் உலகத்தின் தலைசிறந்த நச்சியல் நிபுணர் கைப்பேசித் திரையில் வந்திருந்தாலும் வென்டிலேட்டர் திரைக்குள்ளிருந்து வெளியே வந்திருக்காது. 2021 மே மாதத் தொடக்கத்தில், கொரோனா இரண்டாம் அலையில், சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையில் ஆக்சிஜன் தட்டுப்பாட்டின்போது ஒரே நாளில் 24 பேர் இறந்தார்கள். அங்கும் அறிவுரைக்குப் பஞ்சமில்லை, ஆக்சிஜனுக்குத்தான் பஞ்சம்.

ஆனால் ஓர் ஊரின் நோய்க் கணக்கில் சுள்வாடிகள் அபூர்வம். அன்றாடம் வருவது வேறு. இரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா, வலிப்பு நோய், தேமல், படை, குழந்தையின் சளி, பிரசவத்துக்குப் பின் சோர்ந்து கிடக்கும் பெண், குடியை விட முடியாதவர். இவர்களில் பெரும்பாலானோருக்கு அறுவை அரங்கு தேவையில்லை. மாதாமாதம் யாராவது பார்த்து, அளந்து, மருந்தை மாற்றவோ தொடரவோ வேண்டும். அதற்காக ஒரு நாள் கூலியை விட்டு, பேருந்துக்குக் காசு கொடுத்து, கொள்ளேகாலில் வரிசையில் நின்று, மூன்று நிமிடம் மருத்துவரைப் பார்த்துவிட்டு, கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓட வேண்டும். இரண்டு முறை போவார்கள். மூன்றாம் மாதம் போகமாட்டார்கள். மாத்திரை நின்றுபோகும். அடுத்து அவர்களை மருத்துவர் பார்ப்பது பக்கவாதத்தோடுதான். காணொளி மருத்துவத்துக்கு வேலை இருப்பது இந்த மூன்றாம் மாதத்தில்தான்.

மத்திய அரசின் இ-சஞ்சீவனி இதற்காக வந்த பெரிய ஏற்பாடு. மொஹாலியிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. 2019 நவம்பரில் சுகாதார மையத்துக்கும் மருத்துவருக்கும் இடையிலான வடிவமும், ஊரடங்கு நேரத்தில் 2020 ஏப்ரலில் நோயாளி வீட்டிலிருந்தே அழைக்கும் வடிவமும் வந்தன. 2023 பிப்ரவரிக்குள் 10 கோடி ஆலோசனைகளைத் தாண்டியதாக அரசு அறிவித்தது. முன்னணி மாநிலங்களில் தமிழ்நாடும் கர்நாடகமும் இருந்தன. பயன்பெற்றவர்களில் 57 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள். இந்தக் கடைசி எண்ணைக் கடந்துபோகக் கூடாது. தனக்கென்று ஒரு நாளை ஒதுக்கி நகரத்து மருத்துவமனைக்குப் போவது கிராமத்துப் பெண்ணுக்கு எளிதல்ல. கூட வர ஆள் வேண்டும், மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நடந்துபோகும் தூரத்தில் மருத்துவர் முகம் தெரிந்தால் அவள் வருகிறாள்.

இன்னொரு விவரமும் முக்கியமானது. அந்த 10 கோடியில் பெரும்பகுதி, மக்கள் வீட்டிலிருந்து தாங்களே அழைத்தவை அல்ல. சுகாதார மையத்தில் செவிலியப் படிப்பு முடித்த சமுதாய சுகாதார அலுவலர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து இணைத்தவை. காணொளி மருத்துவம் என்றதும் நம் மனத்தில் வருவது கைப்பேசியும் அதில் சிரிக்கும் மருத்துவரும். நடைமுறையில் வேலை செய்வது மூன்றாவது ஆள்.

அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஒன்றரை வயதுக் குழந்தை, மூன்று நாளாகச் சளி, நேற்றிலிருந்து காய்ச்சல். தாய் மடியில் வைத்திருக்கிறாள். சுகாதார அலுவலர் வெப்பநிலையும் எடையும் குறித்துவிட்டார். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் குழந்தை உதறுவதால் நிலையாக நிற்கவில்லை. திரையில் மருத்துவர் வந்ததும் கேட்பது: "சட்டையை மேலே தூக்குங்க, கேமராவை நெஞ்சுக்கு நேரே பிடிங்க, யாரும் பேச வேண்டாம்." ஒரு நிமிடம் அவர் எண்ணுகிறார். ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் நிமிடத்துக்கு 40 மூச்சு அல்லது அதற்கு மேல் என்றால் நிமோனியாவைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் அந்த வரம்பு 50. மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா என்பதும் தெரிகிறது. குழி விழுந்தால் பேச்சே இல்லை, 108 வண்டி. குழி விழாமல் மூச்சு எண்ணிக்கை மட்டும் கூடியிருந்தால் வாய்வழி ஆன்டிபயாட்டிக் தொடங்கி, இரண்டு நாளில் மறுபடி இதே அறைக்கு வரச் சொல்லலாம். இங்கே வீடியோ அலங்காரமல்ல. தொலைபேசியில் "வேகமா மூச்சு விடுதா?" என்று கேட்டால் பயந்த தாய் ஆமாம் என்பாள், களைத்த தாய் தெரியவில்லை என்பாள். கண்ணால் பார்த்தால்தான் எண்ண முடியும். ஆனால் இணைப்பு திணறிப் படம் உறைந்து உறைந்து ஓடினால் அந்த எண்ணிக்கையும் பொய். அப்போது எண்ண வேண்டியவர் குழந்தைக்கு அருகில் இருக்கும் செவிலியர்தான்.

பாம்புக்கடியையும் இப்படிச் சொல்லலாம். ஹனூர் போன்ற காட்டோர வட்டத்தில் இது முக்கியம்; கர்நாடக அரசு 2024இல் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகவே ஆக்கியது. கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வீக்கம் இருக்காது, பல் தடம்கூடத் தெரியாது. தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுவார். சிறிது நேரத்தில் இமைகள் தானாகக் கவிழும். அனுபவமில்லாத இளம் மருத்துவர் தடுமாறும் இடம் இது. நச்சுமுறிவு மருந்து ஒவ்வாமையை உண்டாக்கிவிடுமோ என்ற பயத்தில் பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்; வழியிலேயே மூச்சு நின்றுவிடும். அவரோடு திரையில் ஒரு மூத்த மருத்துவர் இருந்து, "மேலே பார்க்கச் சொல்லுங்க, இமை ஏறுதா பாருங்க. ஏறலையா, பத்து குப்பி இப்பவே ஏத்துங்க, நான் இணைப்பிலேயே இருக்கேன்" என்று சொன்னால் கதை மாறும். கவனியுங்கள், குப்பி பத்தும் அங்கே அலமாரியில் இருக்க வேண்டும். திரைக்கு இந்தப் பக்கம் மருந்து இருந்தால்தான் அந்தப் பக்கத்து அறிவுக்கு மதிப்பு.

இதயத்திலும் இதே தர்க்கம்தான். மாரடைப்பு நோயாளியின் இ.சி.ஜி.யைத் தாலுகா மருத்துவமனையிலிருந்து ஜெயதேவா இதய மருத்துவமனைக்கு அனுப்பி, அவர்கள் உறுதிசெய்ததும் இரத்த உறைவைக் கரைக்கும் ஊசியை அங்கேயே இலவசமாகப் போடும் திட்டத்தை நடிகர் புனீத் ராஜ்குமார் பெயரில் கர்நாடகம் 2023இல் தொடங்கியது. 2002இல் சாமராஜநகரில் செய்ததன் பேரப்பிள்ளை என்று இதைச் சொல்லலாம்.

பக்கத்தில் ஓர் ஆள், கையில் ஒரு கருவி, அலமாரியில் மருந்து, எதிர்முனையில் நிபுணர். இந்த நான்கும் சேர்ந்த இடங்களில்தான் உலகெங்கும் தொலைமருத்துவம் நின்று நிலைத்திருக்கிறது. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மனநல நிலையம் 1964இல் சுமார் 180 கிலோமீட்டர் தள்ளியிருந்த அரசு மனநல மருத்துவமனையோடு இருவழித் தொலைக்காட்சி இணைப்பு வைத்துக்கொண்டது. 1970களின் தொடக்கத்தில் நாசா, அரிசோனா மாநிலத்துப் பாபாகோ பழங்குடிகளின் பாலைநிலத்தில் ஒரு மருத்துவ வண்டியை ஓடவிட்டது. விண்வெளி வீரர்களைத் தொலைவிலிருந்து கவனிக்கக் கற்ற வித்தையைத் தரையில் சோதிப்பதே நோக்கம். அந்த வண்டியில் மருத்துவர் இல்லை. பயிற்சி பெற்ற உதவியாளர்கள் இருந்தார்கள்; மருத்துவர் தொலைவில் திரையின் முன். பணம் தீர்ந்ததும் திட்டமும் தீர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் ஊர் உதாரணங்கள் இன்னும் தெளிவானவை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் தேனி வட்டாரத்தில் தொடங்கிய பார்வை மையங்களில் மருத்துவர் கிடையாது. கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டாண்டு பயிற்சி கொடுத்து உட்கார வைத்தார்கள். அவர்கள் கண்ணைச் சோதித்துப் படமெடுத்து அனுப்ப, அடிப்படை மருத்துவமனையில் இருக்கும் கண் மருத்துவர் ஒவ்வொரு நோயாளியிடமும் காணொளியில் பேசி முடிவு சொல்வார். அப்போது கிராமத்தில் அகன்ற அலைவரிசை கிடையாது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து எரிக் பிரூயரின் குழு நீண்ட தூர வைஃபை கோபுரங்கள் போட்டு இணைத்துக் கொடுத்தது. பெரும்பாலானோர் கண்ணாடியோடோ சொட்டு மருந்தோடோ ஊரிலேயே வேலை முடித்துத் திரும்பினார்கள். கண்புரை உள்ளவர்கள் மட்டும் வண்டியேறினார்கள்.

செங்கல்பட்டுப் பக்கம் சூணாம்பேட்டில் சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. மோகனின் நீரிழிவு ஆய்வு நிறுவனம் செய்ததும் இதே வகை. செயற்கைக்கோள் இணைப்புள்ள வண்டி ஒன்று ஊர் ஊராகப் போய் விழித்திரைப் படங்களைச் சென்னைக்கு அனுப்பியது. கூடவே கிராமத்திலேயே நீரிழிவு மையம், அங்கேயே மருந்து. ஓராண்டில் அப்பகுதி நீரிழிவு நோயாளிகளின் மூன்று மாதச் சர்க்கரை அளவின் சராசரி 9.3இலிருந்து 8.5ஆக இறங்கியது. சென்னைக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. இந்த எண்ணை நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பதுண்டு. நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேர் பயணம் மிச்சம் என்பது ஒரு சேதி. போக வேண்டிய அந்த ஐந்து பேர் யார் என்று தெரிந்தது அதைவிடப் பெரிய சேதி. மனநலத்தில் ஸ்கார்ப் அமைப்பு 2010 முதல் புதுக்கோட்டையில் பேருந்துக்குள் காணொளி வைத்து நடத்திய சேவையும் பேருந்திலேயே மருந்தகம் வைத்துக்கொண்டது.

எதிர்ப்பக்கச் சான்றும் இருக்கிறது. அதை மறைப்பது ஆய்வுக்கு அழகல்ல. பீகாரில் வேர்ல்டு ஹெல்த் பார்ட்னர்ஸ் என்ற அமைப்பு, கிராமத்து வைத்தியர்களைத் தன் வலைப்பின்னலில் சேர்த்து, தில்லி போன்ற இடங்களிலிருந்து மருத்துவர்களைக் காணொளியில் கொண்டுவந்தது. பெரும் நிதி, பெரும் அளவு. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கும் நிமோனியாவுக்கும் சரியான சிகிச்சை கிடைப்பது கூடியதா என்று மனோஜ் மோகனனும் சக ஆய்வாளர்களும் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். 2016இல் வெளியான முடிவு: குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுக்க நிபுணர் தேவையில்லை. கொடுக்கும் பழக்கம்தான் தேவை. பழக்கத்தைத் திரை மாற்றிவிடவில்லை.

காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2015இல் 93 சோதனைகளை, 22,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஒன்றாக அலசியது. இதயச் செயலிழப்பு நோயாளிகளிடையே தொலைமருத்துவம் பெற்றவர்களுக்கும் நேரில் பார்க்கப்பட்டவர்களுக்கும் இறப்பு விகிதத்தில் வேறுபாடு இல்லை. நீரிழிவில் சர்க்கரைக் கட்டுப்பாடு தொலைமருத்துவத்தில் கொஞ்சம் மேல். நேரில் பார்ப்பதற்கு இணையாக இருக்கிறது என்பது மைசூர் நகரத்துக்காரருக்குச் சாதாரணச் செய்தி. மார்ட்டள்ளிக்காரருக்கு நேரில் பார்ப்பது என்பதே கிடைக்காத ஒன்று. அதற்கு இணையானது கிடைத்தால் அவருக்கு அது பெரிது.

சட்டம் இப்போது தெளிவாக இருக்கிறது. 2020 மார்ச் 25 அன்று, ஊரடங்கு தொடங்கிய நாளில், தொலைமருத்துவ நடைமுறை விதிகள் வெளியாயின. முதல் முறை வீடியோவில் பார்க்கும் நோயாளிக்குச் சொறி, படைக்கான களிம்பு, கண், காது சொட்டு மருந்து போன்றவற்றை எழுதலாம். ஏற்கெனவே சாப்பிட்டுவரும் அழுத்த மாத்திரையையும் மெட்பார்மினையும் தொடரச் சொல்லலாம். போதைத் தன்மையுள்ள மருந்துகளை எழுதவே கூடாது. நோயாளி தானே அழைத்தால் சம்மதம் தந்ததாகப் பொருள். சுகாதாரப் பணியாளர் இணைத்தால் வாய்விட்டுக் கேட்டுச் சம்மதம் வாங்க வேண்டும். தொலைவில் பார்க்கக்கூடிய நோயா இல்லையா என்பதை முடிவு செய்யும் உரிமையும் பொறுப்பும் மருத்துவருக்கே. ஹனூர் வட்டத்து அன்றாட நோய்ப் பட்டியலை மேலே கொடுத்தேனே, அதில் பாதிக்கு மேல் இந்த விதிகளுக்குள் அடங்கிவிடும்.

அதே விதிகளில் அவ்வளவாகப் பேசப்படாத ஒரு வரி உண்டு: இந்தியாவில் பதிவுபெற்ற மருத்துவர் நாட்டின் எந்தப் பகுதி நோயாளிக்கும் ஆலோசனை தரலாம். ஹனூருக்கு இது பெரிய வாசல். நோயைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை நோயாளி சொல்வதைக் கேட்பது. நெஞ்சு கரிக்கிறது என்பவரையும் நெஞ்சு அடைக்கிறது என்பவரையும் பிரித்தறியாமல் மருத்துவம் செய்ய முடியாது. மார்ட்டள்ளி மூதாட்டி வீட்டுத் தமிழில் சொல்ல, செவிலியர் அதைக் கன்னடத்தில் சுருக்க, எதிர்முனை மருத்துவர் அதை ஆங்கிலத்தில் பதிவிட்டால், கடைசியில் எஞ்சுவது "உடல்வலி, மூன்று நாள்" என்ற வரிதான். நேரில் என்றால் முகத்தையும் கையையும் பார்த்து மருத்துவர் கொஞ்சம் ஊகிப்பார். திரையில் பேச்சுதான் பெரும்பகுதி. பாலாறு தாண்டினால் சேலம் மாவட்டம்; இந்த ஊர்க்காரர்கள் பலர் வைத்தியத்துக்கு மேட்டூருக்கும் சேலத்துக்கும் போவது புதிதல்ல. பேருந்தில் மாநில எல்லையைத் தாண்டும் நோயாளிக்காக அலைக்கற்றையும் எல்லை தாண்ட வேண்டும். ஆனால் இ-சஞ்சீவனியின் அமைப்பு மாநில வாரியானது. சட்டம் திறந்துவைத்த கதவை நிர்வாகம் சாத்தி வைத்திருக்கிறது. 2022இல் தொடங்கிய டெலி-மானஸ் மனநல உதவி (எண் 14416) பல மொழிகளில் இயங்குகிறது. 2024 அக்டோபரில் அதில் வீடியோ சேர்க்கப்பட்டபோது முதலில் எடுத்துக்கொண்ட மாநிலங்களில் கர்நாடகமும் தமிழ்நாடும் இருந்தன. மொழி பார்த்து அழைப்பைத் திருப்ப முடியும் என்பதற்கு அதுவே சான்று. உடல்நோய்க்கு மட்டும் ஏன் முடியாது?

மனநலம் பற்றி ஒரு சொல். காணொளி எல்லாவற்றிலும் மிக நன்றாகப் பொருந்துவது இங்கேதான். தொட்டுப் பார்க்க வேண்டியது குறைவு, பேச வேண்டியது அதிகம். மனநோய்க்கு வைத்தியம் பார்க்கப் போகிறார் என்று பேருந்து நிறுத்தத்தில் ஊர் பார்க்கும் அவமானமும் இல்லை. ஆனால் சுகாதார மையத்தின் ஒற்றை அறையில், திரைச்சீலைகூட இல்லாமல், அடுத்த நோயாளி காதில் விழ ஒரு பெண் தன் வீட்டுக் கொடுமையைச் சொல்லமாட்டாள். மென்பொருளில் தரவுப் பாதுகாப்பு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஒரு கதவும் தாழ்ப்பாளும் அதைவிட மலிவு.

இனி இண்டிகனத்தா. சரணாலயத்துக்குள் கோபுரம் நடவும் கம்பி இழுக்கவும் வனச்சட்ட அனுமதி வேண்டும். காடும் யானையும் முக்கியம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. சமிக்ஞையே இல்லாத ஊரில் நேரடி வீடியோ பற்றிப் பேசிப் பயனில்லை. அங்கே செய்யக்கூடியது வேறு. ஆஷா பணியாளரோ செவிலியரோ வாரம் ஒரு நாள் ஊருக்குள் போய் அழுத்தம், சர்க்கரை, கர்ப்பிணியின் எடை, புண்ணின் படம், குழந்தையின் மூச்சு வீடியோ எல்லாவற்றையும் கைப்பேசியில் பதிந்துகொண்டு, சமிக்ஞை கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் அனுப்பலாம். மருத்துவர் அன்று மாலைக்குள் பதில் தந்தால், அடுத்த வாரப் பயணத்தில் மருந்து ஊருக்குள் போகும். தோல் நோய்க்கும் நாட்பட்ட நோய்க்கும் இது போதும். கர்ப்பிணிக்கு இன்னும் பெரிய பயன் உண்டு. எட்டாம் மாதத்தில் அழுத்தம் 140/90ஐத் தொட்டது மருத்துவர் கண்ணில் பட்டால், வலி எடுக்கும் முன்பே அவளைப் பகலில், ஜீப்பில், நிதானமாகக் கீழே இறக்கிவிடலாம். நள்ளிரவு டோலிக்கு மாற்று இதுதான். பயணத்தை இல்லாமலாக்குவதைவிட, பயணத்தைச் சரியான நாளில் நடத்துவது இங்கே உயிர் காக்கும்.

நிர்வாகத்துக்கு ஒரு பழைய நோய் உண்டு: எண்ணிக்கை. ஒரு மையம் ஒரு நாளில் இத்தனை காணொளி ஆலோசனை காட்ட வேண்டும் என்று இலக்கு வைத்தால், நேரில் பார்த்த சளியும் தலைவலியும் காணொளிக் கணக்கில் ஏறும். எண்ண வேண்டியது அழைப்புகளை அல்ல. பரிந்துரைத்த மருந்து அன்றே அங்கேயே கிடைத்ததா, அழுத்த நோயாளிகளில் எத்தனை பேருக்கு ஆறு மாதம் கழித்தும் அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, மேலே அனுப்பப்பட்டவர் உண்மையிலேயே மேலே போய்ச் சேர்ந்தாரா என்பவற்றை எண்ணலாம். தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் மாத்திரை வருகிறது, இந்தப் பக்கம் மருத்துவரின் முகம் வருகிறது. இரண்டையும் ஓர் ஊரில் சேர்த்துக் கொடுப்பதற்குப் புது அறிவியல் எதுவும் வேண்டாம்.

மக்களின் தயக்கமும் இருக்கிறது. ஊசி போடாத மருத்துவர் மருத்துவரா என்ற கேள்வி இந்தப் பக்கத்துக்கும் பொது. அந்தத் தயக்கத்தைத் தீர்ப்பது விளம்பரப் பலகை அல்ல. நேற்று அங்கே போன பக்கத்து வீட்டுக்காரிக்குச் சுகமானதுதான். அவளுக்குச் சுகமாக வேண்டுமென்றால் இணைப்பு அறுபடாமல் இருக்க வேண்டும், மருந்து இருக்க வேண்டும், அவள் பேசுவது மருத்துவருக்குப் புரிய வேண்டும்.

ஆகவே ஹனூர் வட்டத்துக்குக் காணொளி மருத்துவம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கைப்பேசிச் செயலிக்குச் செலவிடும் முன் மூன்று வேலைகளுக்குச் செலவிடுங்கள் என்று கர்நாடகச் சுகாதாரத் துறையைக் கேட்கிறேன். மலையூர்களின் ஒவ்வொரு சுகாதார மையத்திலும் காலியிடம் இல்லாமல் செவிலியரை நியமியுங்கள். அவர் அலமாரியில் அழுத்தம், சர்க்கரை, வலிப்பு, ஆஸ்துமா மருந்துகள் மூன்று மாத இருப்பாக இருக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்பு நச்சுமுறி மருந்தும் அட்ரோபினும் தீராமல் இருக்கட்டும். தமிழ் பேசும் ஊர்களின் அழைப்புகளைத் தமிழ் தெரிந்த மருத்துவரிடம் திருப்ப, சேலம் மாவட்டச் சுகாதார நிர்வாகத்தோடு ஓர் உடன்பாடு போடுங்கள். கடைசி வேலைக்குக் கோபுரமும் வேண்டாம், நிதியும் அதிகம் வேண்டாம், இரண்டு மாநில அதிகாரிகளின் கையெழுத்து போதும்.